மேலும் கீழும் தணல்

ஆங்கிலத்திலே ‘கொப்ளர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, செருப்புத் தைப்பவர். மற்றது, பழத்துண்டுகளைத் தட்டத்தின் அடியில் பரப்பி, மேலே மாக்கலவையை இட்டுச் சுட்டெடுக்கும் ஓர் அமெரிக்க இனிப்புப் பண்டம். பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் செய்தி ஆசிரியர் பீடத்தில் இரவுப் பணியில் இருந்தபோது, அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றின் கோடை விழாவைப் பற்றி வெளிநாட்டுச் செய்தி முகவரகம் அனுப்பிய குறிப்பொன்றை இளம் நண்பர் ஒருவர் மொழிபெயர்த்துத் தந்தார். “விருந்தின் முடிவில் பீச் செருப்புத் தைப்பவர் பரிமாறப்பட்டார்” என்று அதில் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் அந்த வரி திருத்தப்பட்டுவிட்டது. நாங்கள் சிரித்து ஓய்ந்த பின்னர், அந்தப் பண்டம் உண்மையில் என்னதான் என்று அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். கொப்ளருக்கும் எனக்கும் உள்ள பழக்கம் அவ்வாறுதான் தொடங்கியது.

இன்றைக்கு அதனைப் பற்றி எழுத வேறு காரணமும் உண்டு. அந்தக் காரணத்துக்கு வருமுன் பண்டத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன்.

அமெரிக்கர் ‘பை’ என்று சொல்லும் பண்டத்தைப் பலரும் அறிவீர்கள். அதற்கு அடியிலே ஒரு மாத்தகடு வேண்டும். அதனைச் சீராக உருட்டித் தட்டையாக்கி, கிழியாமல் தூக்கி, தட்டத்தில் படியவைக்க வேண்டும். கைப்பழக்கம் மிகுந்த வேலை அது. கொப்ளருக்கு அந்தச் சிரமம் இல்லை. அடித்தகடு கிடையாது. வெட்டிய பழமும் சீனியும் அடியில் கிடக்கும். மேலே கரண்டியால் அள்ளி அள்ளி வைத்த மாக்கட்டிகள் வெந்து பொங்கி, ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். இடைவெளிகளினூடே பழச்சாறு கொதித்து மேலே வரும். கல் பாவிய பழைய தெருவைப் போலத் தோன்றுவதால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வோர் உண்டு. அகராதி ஆசிரியர்கள் அதனை உறுதி செய்யவில்லை. கிறிஸ்ப், பக்கிள், கிறண்ட், ஸ்லம்ப், பான்டவுடி என்று இதற்கு ஒரு பெரிய உறவுக்கூட்டமே அமெரிக்காவில் இருக்கிறது. தென்மாநிலங்களிலே இன்னொரு முறையும் உண்டு. உருகிய பட்டர் நிறைந்த தட்டத்தில் நீர்த்த மாக்கலவையை ஊற்றி, அதன்மேல் பழத்தை இடுவார்கள். வேகும்போது மா பழத்தைத் தாண்டி மேலெழுந்து மூடிக்கொள்ளும்.

1839ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கென்டக்கி ஹவுஸ்வைஃப்’ என்ற சமையல் நூலில், லெற்றிஸ் பிரையன் என்ற பெண்மணி பீச் பழத்தில் செய்யும் இப்பண்டத்தைக் குறிப்பிடுகின்றார். விருந்தினர் முன்வைக்கும் நாகரிகம் இதற்கு இல்லாவிடினும் வீட்டாருக்கு மிக நன்று என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆகியும் அந்த மதிப்பீடு பழுதுபடவில்லை. கொப்ளர் வீட்டாருக்கான பண்டம். அழகாகத் துண்டு போட முடியாது. கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டால் குலைந்துதான் விழும்.

மேற்கு நோக்கி வண்டில் கட்டிப் போன குடியேறிகளுக்கு இது மிகவும் தோதாக அமைந்தது. அவர்களிடம் போறணை இல்லை. கால்கள் வைத்த கனத்த வார்ப்பிரும்புச் சட்டியும், விளிம்பு உயர்ந்த இரும்பு மூடியும் இருந்தன. அதற்கு ‘டச்சு அவண்’ என்று பெயர். ஏபிரகாம் டார்பி என்ற ஆங்கிலேயர், ஒல்லாந்தர் பித்தளைப் பாத்திரம் வார்க்கும் முறையைக் கண்டு வந்து, மணல் அச்சில் இரும்புச் சட்டி வார்க்கும் உரிமத்தை 1707இல் பெற்றார். அந்த வழியிலே வந்த சட்டி இது. யூட்டா மாநிலம் 1997இல் இதனைத் தன் அதிகாரபூர்வமான சமையற் பாத்திரமாகச் சட்டம் போட்டே அறிவித்திருக்கிறது.

சட்டியின் சூட்சுமம் அதன் மூடியில் இருக்கிறது. விளிம்பு உயர்ந்திருப்பது தணலை மூடியின் மேல் குவிப்பதற்காக. கீழே மாத்திரம் நெருப்பு இருந்தால் அடி கருகும், மேற்புறம் பச்சைமாவாகவே கிடக்கும். அப்பமோ, பாணோ, கேக்கோ, எதுவாயினும் மேலிருந்தும் வெப்பம் இறங்கினால்தான் முகம் சிவக்கும். 12 அங்குலச் சட்டிக்கு ஏறத்தாழ 24 கரிக்கட்டிகள் வேண்டும், அவற்றில் 15ஐ மேலேயும் 9ஐக் கீழேயும் வையுங்கள் என்று அமெரிக்க முகாம்களில் கற்றுக்கொடுக்கிறார்கள். மேலே கூட, கீழே குறைய. கீழ்த்தணலின் சூடு இரும்பினூடாக நேரே மாவைத் தொடுகிறது. மேல்தணலோ இடையிலுள்ள காற்றைத் தாண்டி வரவேண்டும். அதனால்தான் இந்தக் கணக்கு.

இந்தக் கணக்கை நான் முதன்முதல் வாசித்தபோது எனக்குத் திகைப்பு ஏற்பட்டது. காரணம், இதே கணக்கை அதற்கு முன்பே என் தாயாரின் வாயிலிருந்து கேட்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் மூடியின் மேல் தணல் போடும் வழக்கம் புதிதல்ல. அந்நாளில் அப்பச் சட்டிக்கு மேலே தணல் இட்ட மூடியை வைப்பார்கள். தெற்கிலே சிங்கள மக்கள் பிபிக்கன் செய்யும்போதும் மேலும் கீழும் சிரட்டைத் தணல் வைத்துச் சுடும் பழைய முறை உண்டு. ஆனால் மின்சாரமும் எரிவாயுவும் வந்த பின்னர் அந்த அறிவு பின்கட்டில் ஒதுங்கிவிட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது அது முன்கட்டுக்கு வந்தது.

அந்த ஆண்டு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு விளக்கேற்றினோம். பத்திரிகைக் காகிதம் கிடையாமல் பள்ளிக் கொப்பித் தாளிலே செய்தித்தாள் அச்சிட்ட நாட்களும் உண்டு. நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்துப் பத்திரிகைத் தொழிலில் கால் வைத்த காலம் அது. வீட்டிலிருந்த மின் அவண் துணி மூடிய ஒரு மேசையாகிவிட்டது.

1992இல் என் தங்கைக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள் வந்தது. அவள் எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. அம்மா கேக் சுடப் போவதாகச் சொன்னார். சங்கக் கடைப் பங்கீட்டில் கிடைத்த சீனியை ஒரு மாதமாகக் கரண்டி கரண்டியாக ஒதுக்கி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தந்தையாருக்கு அது பிடிக்கவில்லை. அவர் கோபக்காரர் அல்லர். ஆனால் அன்று குரலை உயர்த்தினார்.

“ஊர் எரிஞ்சு கிடக்குது. அடுத்த வளவிலை செத்தவீடு முடிஞ்சு இன்னும் எட்டுச் செலவு நடக்கேல்லை. இஞ்சை கேக் என்ன கேக்?”

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அரிதட்டில் மாவை அரித்து முடித்த பின்னர்தான் வாயைத் திறந்தார்.

“சண்டை எப்ப முடியுமெண்டு உங்களுக்குத் தெரியுமோ? தெரிஞ்சால் சொல்லுங்கோ, அதுக்குப் பிறகு சுடுறன். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு ஒருக்காத்தான் வரும்.”

தந்தையார் எழுந்து வெளியே போய்விட்டார். நான் இருவர் பக்கமும் சேராமல் நின்றேன். தந்தையாரின் பேச்சில் நியாயம் இருந்தது. துக்கம் நடந்த வீட்டுக்குப் பக்கத்தில் கேக் மணம் எழுவது அழகல்ல. அம்மாவின் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதற்குப் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக யுத்தத்தையும் அதன் பின்விளைவுகளையும் செய்தியாக எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு நியாயங்களில் எது பெரிது என்று யாராவது கேட்டால் இன்றும் ஒரு வரியில் விடை சொல்ல என்னால் இயலாது.

கேக் சுட்ட விதத்தை மாத்திரம் சொல்ல இயலும். அகன்ற அலுமினியப் பானையின் அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த மணல். மணலின் மேல் பழைய பிஸ்கட் ரின்னின் அடிப்பாகம், அதற்குள் மாக்கலவை. பட்டர் இல்லை, தேங்காயெண்ணெய். சீனி போதாத குறையைப் பனங்கட்டி நிரப்பியது. பானையைத் தகரத்தால் மூடி, அதன்மேல் சிரட்டைத் தணலும் ஊமல் தணலும். அடியில் சிறு தீ. இரவில் தணலின் வெளிச்சம் வானத்துக்குத் தெரியக்கூடாது என்று எல்லாம் நண்பகலிலேயே நடந்தது. சூடு பதமா என்று பார்க்க, நான் கொண்டுவந்த பத்திரிகைத் தாளின் ஓரத்து வெள்ளைப் பகுதியைக் கிழித்து உள்ளே வைத்தார். “உடனை கருகினால் கூடிப்போச்சு. வெள்ளையாயே கிடந்தால் காணாது. ஆறுதலாய்த் தவிட்டு நிறத்துக்கு வரவேணும்” என்றார். பின்னர்தான் அந்தக் கணக்கு: “கீழை கொஞ்சம், மேலை கூட.”

கேக்கை அவர் ஒன்பது துண்டாக வெட்டினார். முதலாவது துண்டு அடுத்த வளவுக்குப் போனது. கொண்டுபோனவர் என் தந்தையார்.

இந்த நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் அமெரிக்கச் சமையற்காரப் பெண்மணி ஒருவர் என் நினைவுக்கு வருவார். ஜோர்ஜியா கில்மோர் என்பது அவர் பெயர். அலபாமா மாநிலத்தின் மொன்ட்கொமறி நகரைச் சேர்ந்தவர். 1955 டிசம்பரில் ரோசா பாக்ஸ் கைதான பின்னர் அந்நகரின் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். போராட்டம் 381 நாட்கள் நீடித்தது. பேருந்தில் ஏறாத ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு ஏற்றி இறக்க வாகனங்கள் வேண்டும், எரிபொருள் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். கில்மோரும் அவருடைய தோழியரும் வீட்டில் சமைத்த சாப்பாட்டையும், பை, கேக் வகைகளையும் விற்றுப் பணம் சேர்த்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டால் ‘எங்குமிருந்தும் இல்லை’ என்பது பதில். அதனால் அந்தக் குழுவுக்கே ‘எங்குமில்லாச் சங்கம்’ என்ற பொருள்படும் பெயர் அமைந்தது. வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்களின் பெயர்கள் வெளியே தெரிந்தால் அவர்களின் வேலை போய்விடும் என்பதே அந்த மறைப்பின் காரணம். மார்ட்டின் லூதர் கிங் மீதான 1956ஆம் ஆண்டு வழக்கில் கில்மோர் சாட்சி சொன்னார். அவருடைய சமையல் வேலை பறிபோனது. கிங்கின் ஊக்குவிப்பினால் தம் வீட்டையே உணவகமாக்கினார்.

பேருந்துப் போராட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரிய பேச்சுகளையும் நீதிமன்றத் தீர்ப்பையும் எழுதுகிறார்கள். அவை எழுதப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த 381 நாட்களும் வாகனங்கள் ஓடியதற்கு, அடுப்படியிலே நின்ற பெண்களும் காரணம். துன்பக் காலத்தில் இனிப்புப் பண்டம் எதற்கு என்ற கேள்விக்கு அவர்கள் வேறொரு பக்கத்திலிருந்து பதில் சொல்லியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தறியாத சமையற்காரரின் அறிவு எப்படி நூலாகிறது என்பதற்கும் அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அபி ஃபிஷர் என்ற அம்மையார் அடிமையாகப் பிறந்தவர். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். விடுதலைக்குப் பின்னர் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் ஊறுகாய்களும் பழப்பாகுகளும் செய்து விற்று, கண்காட்சிகளிலே பதக்கங்கள் பெற்றார். அவருக்கும் கணவருக்கும் எழுதவோ வாசிக்கவோ தெரியாது. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி, 1881இல் தென்மாநிலச் சமையல் பற்றிய நூலொன்று வெளிவந்தது. பீச் கொப்ளரும் அதிலே இருக்கிறது. கறுப்பினப் பெண் ஒருவரின் முதலாவது சமையல் நூல் அதுவே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் மலிண்டா ரசல் 1866இல் வெளியிட்ட நூல் கண்டெடுக்கப்பட்டது.

ஃபிஷரின் நூலில் பத்திரிகைக்காரன் கண்ணில் படும் செய்தி ஒன்றுண்டு. அவர் சொன்னதை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். ‘ஜம்பலாயா’ என்ற சோற்றுணவு ‘ஜம்பர்லி’ ஆகியிருக்கிறது. சோளமும் அவரையும் சேர்ந்த ‘சக்கட்டாஷ்’ என்பது ‘சேர்க்கிட் ஹாஷ்’ ஆகியிருக்கிறது. ஒப்புநோக்குநர் என்ற வகையில் நான் அவற்றைத் திருத்தியிருப்பேன். வாசகன் என்ற வகையில், அவை திருத்தப்படாமல் விட்டதற்கு நன்றியுடையேன். அந்தப் பிழைகளினூடேதான் 140 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு தாயின் குரல் நமக்குக் கேட்கிறது.

இனி, இதனை இன்று எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். 2023 ஓகஸ்ட் மாதம் ரொரன்ரோவிலுள்ள தங்கையின் வீட்டில் மூன்று கிழமைகள் தங்கினேன். அம்மாவும் அவளுடன்தான் இருக்கிறார். அப்போது அவருக்கு எண்பது வயது. நினைவு வரவர மங்கிக்கொண்டு வருகிறது. என்னைச் சில நாட்களில் தன் தம்பி என்று எண்ணிப் பேசுவார். சில நாட்களில் மரியாதையாக “இருங்கோ, தேத்தண்ணி தரட்டோ?” என்று கேட்பார். பெற்ற தாய் நம்மைப் பன்மையில் அழைக்கும்போது ஏற்படும் உணர்வைச் சொல்லில் வைப்பது கடினம்.

ஓகஸ்ட் மாதம் ஒன்ராரியோவில் பீச் பழக்காலம். நயாகரா வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து கூடை கூடையாகப் பழம் வரும். பீச்சின் தாயகம் சீனா. பாரசீகத்தின் வழியாக மேற்கே போனமையால் அதன் தாவரவியற் பெயரில் பாரசீகம் ஒட்டிக்கொண்டது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை அமெரிக்கக் கரைக்குக் கொண்டுபோனார்கள். ஜோர்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த சாமுவேல் றம்ஃப் 1870களில் வளர்த்தெடுத்து, தம் மனைவியின் பெயரைச் சூட்டிய ‘எல்பேட்டா’ வகை, தொலைதூரப் பயணத்தைத் தாங்கியது. அதனால்தான் ஜோர்ஜியா பீச் மாநிலம் என்று பெயரெடுத்தது. மரம் பூப்பதற்குக் குறிப்பிட்ட அளவு குளிர் வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் அது காய்க்காது. நாங்கள் சிறுவயதில் அதனைத் தகரப் பேணியில் மாத்திரம் கண்டிருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை பீச் கொப்ளர் செய்தாள். பழத்தைக் கொதிநீரில் ஒரு கணம் அமிழ்த்தித் தோலுரித்தாள். வெட்டிச் சீனியில் பிசிறினாள். மாக்கட்டிகளை மேலே வைத்துத் தட்டத்தை அவணுக்குள் தள்ளினாள். அம்மா குசினிக் கதிரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. கறுவா மணம் எழும்பியபோது தலையை நிமிர்த்தினார்.

“மேலை தணல் போட்டியளோ?”

தங்கை என்னைப் பார்த்தாள். “போட்டாச்சு அம்மா” என்றாள்.

“கீழை கொஞ்சம், மேலை கூட. பேப்பர் வைச்சுப் பார்த்தனீயோ?” என்று அம்மா என் பக்கம் திரும்பினார். “தம்பி, அந்தப் பேப்பர் ஓரத்திலை கிழிச்சுத் தா மோனை.”

என்னைத் தம்பி என்று அழைத்தது தன் சகோதரன் என்ற நினைவிலா, மகன் என்ற நினைவிலா என்பது தெரியாது. எங்கள் பக்கத்தில் மகனையும் தம்பி என்றுதானே அழைப்பார்கள். ஆனால் ‘மோனை’ என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. மேசையில் கிடந்த தமிழ் வாரப்பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதனை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார்.

தங்கையின் மகளுக்கு அப்போது பதினேழு வயது. தமிழ் விளங்கும், பேச்சுத்தான் சற்றுத் தயங்கும். அன்று மாலை அவள் செய்த காரியம் எனக்குத் தோன்றாத ஒன்று. மின் தராசை மேசையில் வைத்தாள். மாப்பாத்திரத்தை அம்மம்மாவின் முன் நகர்த்தினாள். “அம்மம்மா, கேக்குக்கு மா எவ்வளவு?” என்று கேட்டாள். அம்மாவுக்கு எண்களில் விடை வரவில்லை. கைதான் போனது. ஒரு பிடி அள்ளித் தராசில் இட்டார். 41 கிராம். மறுபடியும் அள்ளச் சொன்னாள். 43. மூன்றாவது 41. முகங்களை மறந்த அந்த மூளையிலிருந்து கை தன் அளவை மறக்கவில்லை. பிடி எத்தனை, சீனிக்குச் சிறங்கை எத்தனை, எண்ணெய்க்கு எந்தக் கரண்டி என்று பேத்தி ஒவ்வொன்றாக நிறுத்து ஒரு கொப்பியில் எழுதினாள். ‘சிறங்கை’ என்ற சொல்லை அவள் ‘சிரங்கை’ என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை.

கொழும்புக்குத் திரும்பிய பின்னர் நானும் கொப்ளர் செய்யத் தொடங்கினேன். பீச்சுக்குப் பதிலாகக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். வைகாசி, ஆனி மாதங்களில் செய்து பாருங்கள். முறையை எழுதுகிறேன்.

நன்றாகப் பழுத்தும் குழையாத மாம்பழச் சதை 1 கிலோ. ஓரங்குலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். 60 கிராம் சீனி, ஒரு மேசைக்கரண்டி சோளமா, அரைத் தேக்கரண்டி கறுவாத்தூள், ஒரு தேசிக்காயின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை அதனுடன் கலந்து பதினைந்து நிமிடம் வையுங்கள். பீச்சில் இயல்பாக உள்ள புளிப்பு பழுத்த மாம்பழத்தில் குறைவு, ஆகவே தேசிச்சாறு அவசியம். சோளமா கொதித்த பின்னர்தான் சாற்றைக் கெட்டியாக்கும். நடுவிலும் சாறு கொதித்துக் குமிழியிடாத கொப்ளர் ஆறிய பின்னும் நீர்த்தே கிடக்கும்.

மேல்மாவுக்குக் கோதுமை மா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சீனி 40 கிராம், சிறிது உப்பு. குளிர்ந்த பட்டர் 75 கிராம். நம் ஊர்ச் சூட்டில் பட்டர் கையில் எடுத்தவுடன் இளகிவிடும். அதனை உறைபெட்டியில் கல்லாக இறுகவைத்து, துருவியில் துருவி மாவில் உதறிவிடுங்கள். வெப்பம் பட்டதும் அந்தச் சிறு துகள்களிலுள்ள நீர் ஆவியாகி மாவைப் பொருபொருப்பாக்கும். 120 மில்லிலீற்றர் குளிர்ந்த பாலை ஊற்றிக் கரண்டியால் நாலைந்து தரம் கிளறினால் போதும். பிசைந்தால் இறுகிப்போகும். பழத்தின் மேல் கரண்டி கரண்டியாக, இடைவெளி விட்டு வையுங்கள். 190 பாகை செல்சியஸ் சூட்டில் 40 முதல் 45 நிமிடம். எடுத்தவுடன் உண்ண வேண்டாம். இருபது நிமிடமாவது ஆறவிட்டால்தான் சாறு இறுகும்.

கறுவாவைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கடைகளில் கறுவா என்ற பெயரில் பெரும்பாலும் விற்பது கசியா என்னும் உறவினம். தடித்த பட்டை, காரம் கூடியது. நம் தீவின் கறுவா மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டது, மணம் மென்மையானது. இதற்காகத்தான் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே மோதிக்கொண்டார்கள். காட்டிலே உரித்துக்கொண்டிருந்ததை ஒல்லாந்தர் 1769இல் கொழும்பிலே தோட்டமாக நட்டார்கள். கறுவாத்தோட்டம் என்ற பெயர் இன்றும் அங்கே நிற்கிறது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. வெளிநாட்டில் வாழும் வாசகர்கள் பட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

அவண் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அகன்ற பானை, இரண்டு அங்குல மணல், தகர மூடி. வெறும் பானையைக் கால் மணிநேரம் சூடேற்றிய பின்னர் தட்டத்தை உள்ளே வையுங்கள். பத்திரிகைத் தாளின் ஓரம் தவிட்டு நிறத்துக்கு ஆறுதலாக வரவேண்டும். தணல் கீழே கொஞ்சம், மேலே கூட.

என் தந்தையார் 2004இல் காலமானார். அந்தக் கேக்கைப் பற்றி அதன் பிறகு அவர் ஒருபோதும் பேசியதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தங்கையின் பிறந்தநாளுக்கு ஒரு கிழமை முன்பே, யாரும் கேளாமல், சிரட்டைகளைப் பொறுக்கிக் கழுவி வெயிலில் காயவைத்து, குசினிக் கோடியில் அடுக்கி வைப்பார்.